பாதிக் கட்டடத்தோடு மனை வாங்கினால் திட்ட அனுமதி யாருடையது? பெயர் மாற்றம் எப்படி?

#1 செந்தூரம்22

வணக்கம். சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் 3 கிரவுண்டு மனை, அதாவது 7,200 சதுர அடி, விலைக்கு வந்திருக்கிறது. தற்போதைய உரிமையாளர் பேரில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) திட்ட அனுமதியும் மாநகராட்சிக் கட்டட அனுமதியும் இருக்கின்றன. ஸ்டில்ட்டும் (வண்டி நிறுத்தும் தூண்தளம்) நான்கு தளமும், 12 வீடு, மொத்தம் 13,900 சதுர அடி. கடைக்கால் முடிந்து பிளிந்த் (கட்டடப் பீடம்) மட்டத்தோடு வேலை நின்றிருக்கிறது.

"கிரையம் முடிந்தால் அனுமதியும் உங்களோடதுதான்" என்கிறார் தரகர். "பேர் மாறினால் ப்ளானைப் புதுசாப் போடணும்" என்கிறார் பொறியாளர். எது சரி? பெயர் மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும்? வாங்குவது நானும் தம்பியும். பிற்பாடு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் எண்ணமும் உண்டு.

#2 தாய்ப்பத்திரம்

இருவர் சொல்வதும் பாதிதான் சரி.

திட்ட அனுமதி ஓட்டுநர் உரிமம் மாதிரி ஆளுக்குக் கொடுப்பதல்ல. குறிப்பிட்ட சர்வே எண்ணில், குறிப்பிட்ட அளவுள்ள மனையில், குறிப்பிட்ட வரைபடத்தின்படி கட்டலாம் என்று கொடுப்பது. அதனால் மனை கைமாறியது என்ற ஒரே காரணத்தால் அனுமதி செத்துவிடாது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிக்கொண்டு போகவும் முடியாது. சிஎம்டிஏ விதிக்கும் வழக்கமான நிபந்தனைகளில் ஒன்று, கட்டி முடிக்கும் முன் மனை விற்பனை, குத்தகை அல்லது வேறு எந்த வகையிலாவது கைமாறினால் என்ன செய்ய வேண்டும் என்பது. அனுமதி பெற்றவர் அதை உடனே சிஎம்டிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் கொடுக்க வேண்டும், அனுமதியின் நிபந்தனைகளுக்கு வாங்கியவரைக் கட்டுப்படுத்த வேண்டும்.

இந்தக் கடமை விற்பவர் தலையில் இருக்கிறது. கிரையம் முடிந்து பணம் கைக்குப் போன பிறகு அவரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. அதனால் சிஎம்டிஏவுக்கான அறிவிப்புக் கடிதமும் பெயர் மாற்ற ஆட்சேபணையின்மைக் கடிதமும் கிரையத்தன்றே, சார்பதிவாளர் அலுவலகத்தில் வைத்தே கையெழுத்தாகிவிட வேண்டும்.

#3 மூலைக்கல்

பெயரைப் பற்றி அப்புறம் பேசலாம் சார். நீங்கள் வாங்கப்போகும் மனையும் வரைபடத்தில் உள்ள மனையும் ஒன்றுதானா என்பது முதல் கேள்வி. பெயர் மாற்றம் தாள் வேலை, எப்படியும் முடித்துவிடலாம். மனை ஒத்துப்போகாவிட்டால் எந்தக் கடிதமும் காப்பாற்றாது.

முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை:

எல்லை அளவு. அங்கீகரித்த வரைபடம், பத்திரத்தின் சொத்து விவரம், பட்டா, புல வரைபடம் என்று நாலிலும் நாலு பக்க அளவையும் ஒப்பிடுங்கள். பக்க அளவு மட்டும் போதாது, இரண்டு மூலைவிட்டத்தையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கங்கள் சரியாக இருந்தும் மனை கோணலாக இருந்தால் பக்கத் திறவிடம் (எல்லைக்கும் கட்டடத்துக்கும் இடையே விட வேண்டிய வெற்றிடம்) ஒரு முனையில் குறைந்துவிடும்.

சாலைக்குக் கொடுத்த துண்டு. அனுமதி வாங்கும்போது சாலை விரிவாக்கத்துக்காக முன்பக்கத்தில் ஒரு பட்டையைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அது வில்லங்கச் சான்றில் தெரியும். அது தெரியாமல் பழைய பத்திரத்தைப் பார்த்து 7,200 என்றே எழுதினால், விற்பவருக்குச் சொந்தமில்லாத நிலத்துக்கும் சேர்த்துக் கிரையம் ஆகிவிடும். பட்டா மாறுதலில் அது இடிக்கும்.

கட்டியிருக்கும் அளவு. பிளிந்த் வரை வந்திருப்பதால் இப்போதே அளந்துவிடலாம். திறவிடத்தை எல்லையிலிருந்து சுவரின் வெளிமுகம் வரை அளக்க வேண்டும். தூணின் மையக் கோட்டுக்கு அளந்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்பார்கள். அரைச் சுவர் தடிமனும் பூச்சும் அதிலிருந்து கழியும். தூண் வரிசை ஓர் அடி நகர்ந்திருந்தால் நான்கு தளமும் அந்த ஓர் அடியைச் சுமக்கும். நிறைவுச் சான்று கேட்கும்போதுதான் அது வெளியே வரும், அப்போது இடிக்கவும் முடியாது.

நாளை நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56ஆவது பிரிவில் மீறலுக்காக நோட்டீஸ் வந்தாலும் அது அன்றைய உரிமையாளருக்குத்தான் வரும். "முன்னவர் கட்டியது" என்பது பதிலாகாது. நிலத்தோடு அனுமதி வருகிற மாதிரியே மீறலும் வரும்.

#4 செந்தூரம்22

நன்றி சார். மனையைப் பிரிப்பது பற்றி?

#5 மூலைக்கல்

கட்டி முடித்து நிறைவுச் சான்று கையில் வரும் வரை மனையைப் பிரிக்கவே வேண்டாம். இருவரும் கூட்டாகவே வாங்குங்கள்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த மேம்பாடு மற்றும் கட்டட விதிகளின்படி உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. 7,200 சதுர அடிக்கு 14,400 வரை போகலாம், உங்கள் 13,900 அதற்குள் அடங்குகிறது. 3,600, 3,600 என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 7,200தான். கட்டடம் நடுவில் நிற்கிறது, எல்லைக் கோடு கட்டடத்துக்குள்ளேயே ஓடும். ஒருவர் வண்டி போகும் வழி இன்னொருவர் நிலத்தில், மழைநீர்க் குழி மற்றவர் நிலத்தில். வரைபடத்தில் இருந்த மனையே இல்லாமல் போனால் அனுமதி எதைப் பிடித்து நிற்கும்? பிரிக்கத்தான் வேண்டுமென்றால், உட்பிரிவுக்குத் தனியாக அனுமதி வாங்கி, இரண்டு மனைக்கும் தனித்தனி வரைபடம் போட வேண்டும். பழைய அனுமதி அதோடு போயிற்று.

வீடுகளைப் பங்கிட்டுக்கொள்வது வேறு விஷயம். நிலத்தில் பிரிபடாத பாகம், கட்டடத்தில் இன்னின்ன வீடு என்று பத்திரம் எழுதிக்கொள்ளலாம். அதற்கு மனையைக் கீற வேண்டியதில்லை.

#6 வரைமேசை

பெயர் மாற்ற மனுவோடு பொதுவாகக் கேட்கப்படுபவற்றை எழுதுகிறேன். இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திட்ட அனுமதிக்குச் சிஎம்டிஏ, கட்டட அனுமதிக்கு உள்ளாட்சி அமைப்பு. ஒன்றில் புதிய பெயர், மற்றதில் பழைய பெயர் என்றிருந்தால் கடைசியில் மின் இணைப்புக்கும் சொத்து வரிக்கும் போகும்போது சிக்கல்.

கொடுக்க வேண்டியவை: பதிவான கிரையப் பத்திர நகல், அனுமதி தேதிக்கு முன்பிருந்து இன்று வரைக்கும் வில்லங்கச் சான்று, வாங்கியவர் பெயரில் பட்டா, அசல் அனுமதிக் கடிதமும் முத்திரையிட்ட வரைபடத் தொகுதியும், விற்றவரின் ஆட்சேபணையின்மைக் கடிதம், எல்லா நிபந்தனைகளையும் ஏற்பதாக முத்திரைத்தாளில் வாங்கியவரின் உறுதிமொழி, மனையின் இப்போதைய படங்கள், கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர் இருவரின் ஒப்புதல் கடிதம்.

கடைசியில் சொன்னதுதான் வேலையை நிறுத்தும். விற்றவரோடு அவருடைய கட்டடக்கலைஞரும் விலகிவிடுவது சகஜம். பழையவர் விலகிய நாளுக்கும் புதியவர் பொறுப்பேற்ற நாளுக்கும் இடையில் கட்டுமானம் எதுவும் நடக்கக் கூடாது என்பதும் அனுமதி நிபந்தனைதான். பழையவர் விலகல் கடிதம், புதியவர் ஏற்புக் கடிதம் இரண்டையும் கொடுத்த பிறகே சாந்துச் சட்டியைத் தொட வேண்டும்.

புதிய கட்டமைப்புப் பொறியாளர் மண்ணுக்குள் போன கடைக்காலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. விற்பவரிடமிருந்து மண் பரிசோதனை அறிக்கை, கட்டமைப்பு வரைபடங்கள், கான்கிரீட் கட்டிச் சோதனை முடிவுகள், கம்பி கட்டியபோது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். அவை இல்லையென்றால் கோர் (கான்கிரீட்டைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துச் சோதிப்பது, ரீபவுண்ட் ஹாம்மர் (மேற்பரப்பைத் தட்டி வலிமையை மதிப்பிடும் கருவி), பைல் (ஆழத்தில் இறக்கும் கடைக்கால் தூண்) போட்டிருந்தால் பைல் இன்டெக்ரிட்டி சோதனை என்று போக வேண்டும். வேலை நின்று வெகுகாலம் ஆகியிருந்தால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிகள் துருவில் இளைத்திருக்கும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு விட்டத்தை வெர்னியரில் அளந்து பார்க்க வேண்டும். இந்தச் செலவையெல்லாம் விலை பேசும்போதே கணக்கில் வையுங்கள்.

#7 தாய்ப்பத்திரம்

> அசல் அனுமதிக் கடிதமும் முத்திரையிட்ட வரைபடத் தொகுதியும்

இவற்றைப் பத்திரத்தின் ஆவணப் பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். கூடவே இப்படி ஒரு வாசகமும் சேரட்டும்:

"சொத்து விவரத்தில் கண்ட மனைக்கு ... எண், ... தேதியிட்ட திட்ட அனுமதியும் அதன்படியான கட்டட அனுமதியும் பெறப்பட்டுள்ளன. அவற்றின் பலன்களையும், அவற்றுக்காகச் செலுத்திய திரும்பப்பெறத்தக்க வைப்புத்தொகைகளைப் பெறும் உரிமையையும் விற்பவர் வாங்குபவருக்கு ஒப்படைத்துள்ளார். வாங்குபவர் அனுமதியின் நிபந்தனைகளை ஏற்றுள்ளார். இந்தப் பத்திரத் தேதி வரை நடந்த கட்டுமானத்தில் அங்கீகரித்த வரைபடத்துக்கு மாறானது ஏதுமில்லை என விற்பவர் உறுதி கூறுகிறார். மாறாகத் தெரியவந்தால் அதனால் வரும் இழப்பை விற்பவர் ஈடுசெய்வார்."

வைப்புத்தொகையைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. வரைபடப்படி கட்டி முடித்தால் திருப்பித் தருவதாகச் சிஎம்டிஏ பாதுகாப்பு வைப்பு வாங்குகிறது. ரசீது கட்டியவர் பேரில் இருக்கும். பத்திரத்தில் எழுதாவிட்டால் கட்டடத்தை முடிப்பவர் நீங்கள், பணம் கேட்கும் உரிமை அவருக்கு. வளர்ச்சிக் கட்டணம், உட்கட்டமைப்புக் கட்டணம் போன்றவை அப்படியல்ல. அவை அந்த மேம்பாட்டுக்காகக் கட்டியவை; வரைபடம் மாறாதவரை மறுபடி கட்டும் கேள்வி இல்லை. திருத்த வரைபடம் போட்டுப் பரப்பைக் கூட்டினால் கூடுதல் பரப்புக்கு உண்டு.

இன்னொன்று. நிற்கும் கட்டுமானத்தை மறைத்து வெறும் மனை என்று பத்திரம் எழுதச் சொல்வார்கள். செய்யாதீர்கள். முத்திரைத் தீர்வைக் குறைவு என்று முத்திரைச் சட்டத்தின் 47-அ பிரிவில் வருவது ஒரு பக்கம் இருக்கட்டும். "வெறும் மனை வாங்கினேன்" என்று பத்திரம் சொல்ல, "பிளிந்த் வரை கட்டியாகிவிட்டது" என்று பெயர் மாற்ற மனு சொன்னால், அந்த இரண்டு தாளையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்ப்பவர் என்ன நினைப்பார்?

#8 புலப்படம்

காலக்கெடுவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெயர் மாற்றம் காலத்தை நீட்டிக்காது. அனுமதிக் கடிதத்தில் "இந்தத் தேதி வரை செல்லும்" என்று இருப்பதே உங்களுக்கும் பொருந்தும். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 50ஆவது பிரிவு நீட்டிப்புக்கு வழி வைத்திருக்கிறது, ஆனால் மனுவைக் கெடு முடியும் முன்பே கொடுக்க வேண்டும். முடிந்த பின் போனால் புது மனுதான். அன்றைக்கு என்ன விதி நடப்பிலிருக்கிறதோ அதன்படிதான் திறவிடமும் வண்டி நிறுத்தமும் பார்ப்பார்கள். ஏற்கெனவே நிற்கும் கடைக்கால் அதற்கு ஒத்துவராமல் போகலாம்.

கட்டட அனுமதிக்கு வேறு கெடு இருக்கும். அதையும் தனியாகப் பாருங்கள். கிரைய ஒப்பந்தம் போட்டு, வங்கிக் கடனுக்கு அலைந்து, பதிவு முடிந்து, பட்டா மாறி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கெடு நெருங்கியிருந்தால் விற்பவரையே அவர் பேரில் நீட்டிப்பு வாங்கச் சொல்லுங்கள். கிரையத்துக்கு அதை நிபந்தனையாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

#9 வேம்படி

விற்பவர் தானே மனு போடாமல் பவர் ஏஜென்ட் மூலம் அனுமதி வாங்கியிருந்தால் என்ன?

#10 தாய்ப்பத்திரம்

அனுமதி கொடுத்தபோது பவர் உயிரோடு இருந்தால் அனுமதிக்குக் குறையில்லை. ஆனால் பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால், ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் உரிமை சேர்ந்த பவராக இருந்தாலொழிய, அன்றோடு பவர் முடிந்தது. அதற்குப் பின் ஏஜென்ட் போடும் அறிவிப்புக் கடிதமும் ஆட்சேபணையின்மைக் கடிதமும் செல்லாது. வாரிசுச் சான்றில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒரு வாரிசு வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் அந்த ஒருவருக்காக எல்லாம் நிற்கும். முன்கூட்டியே அவரிடமிருந்து பவரை வாங்கி இங்கே முறைப்படி சேர்த்துவிடுவது நல்லது.

வங்கி ஏலத்தில் எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். அங்கே பழைய உரிமையாளர் கையெழுத்துக் கிடைக்காது. வங்கி தரும் விற்பனைச் சான்று, அதைப் பதிந்த வில்லங்கச் சான்று இவற்றை வைத்துத்தான் கேட்க வேண்டும். அங்கீகரித்த வரைபடத்தின் அசல் வங்கியிடம் இருக்கிறதா என்று ஏலத்துக்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால் சிஎம்டிஏவிலிருந்து நகல் வாங்கிப் பார்த்த பிறகு ஏலத்தொகையை முடிவு செய்யுங்கள். "உள்ளது உள்ளபடி" என்ற வாசகத்தில் வரைபட மீறலும் அடங்கும்.

#11 வரைமேசை

செந்தூரம் சார், இதில் பெரிய விஷயம் ஒன்று விட்டுப்போயிற்று. 12 வீடு, 7,200 சதுர அடி என்றால் சுமார் 669 சதுர மீட்டர். விற்பதற்காகக் கட்டினால் ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு கட்டாயம் (500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது 8 வீட்டுக்கு மேல்). விற்பவர் ஏற்கெனவே ரெராவில் பதிந்து இரண்டு மூன்று வீட்டுக்கு முன்பணம் வாங்கியிருந்தால் கதையே வேறு.

2016ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 15ஆவது பிரிவின்படி, கட்டுநர் தன் பெரும்பான்மை உரிமையையும் பொறுப்பையும் மூன்றாமவருக்கு மாற்றுவதென்றால், வீடு ஒதுக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துமூலமான முன்சம்மதம் வேண்டும். ரெரா ஆணையத்தின் எழுத்துமூலமான முன் ஒப்புதலும் வேண்டும். ஒருவர் எத்தனை வீடு எடுத்திருந்தாலும் ஒரு ஓட்டுத்தான். மாறி வரும் கட்டுநர் பழைய ஒப்பந்தங்களின் எல்லாப் பொறுப்பையும் ஏற்க வேண்டும், இந்த மாற்றத்தைக் காட்டிக் கால நீட்டிப்புக் கேட்க முடியாது. சிஎம்டிஏவில் பெயர் மாறியதால் இது நடந்ததாகாது. ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பெயரையும் மனையின் சர்வே எண்ணையும் வைத்துத் தேடிவிடுங்கள். வில்லங்கச் சான்றில் பிரிபடாத பாகக் கிரையமோ ஒப்பந்தமோ பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பதியாத ஒப்பந்தமும் இருக்கலாம், அதற்காகத்தான் விற்பவரிடம் தனி உறுதிமொழி.

#12 வேம்படி

மனைப்பிரிவில் தனி மனை வாங்குபவர்களுக்கும் இதே பெயர் மாற்றம் உண்டா?

#13 புலப்படம்

இல்லை. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ மனைப்பிரிவு அனுமதி மனைப்பிரிவுக்கே உரியது. 40ஆம் எண் மனை பத்துப் பேர் கைமாறினாலும் அனுமதி எண் அதேதான், யாரும் பெயர் மாற்ற வேண்டியதில்லை. அங்கே பார்க்க வேண்டியது சாலையும் பொது ஒதுக்கீட்டு இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் போய்ச்சேர்ந்தனவா, உங்கள் மனையின் எண்ணும் அளவும் அங்கீகரித்த வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்பதுதான். பூங்கா என்று காட்டிய இடத்தைப் பின்னால் மனையாக்கி விற்பது நடக்கிறது.

அனுமதியில்லாமல் பிரித்து, பின்னால் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறைப்படுத்திய மனைக்கும் அப்படியே. ஆணை விண்ணப்பித்தவர் பேரில் இருந்தாலும் மனையோடு போகும். அந்தச் சலுகை 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைகளுக்குத்தான். 2,400 சதுர அடிக்கு ஆணை வாங்கிவிட்டு அதில் 1,200ஐ மட்டும் விற்றால் அந்த 1,200 அங்கீகாரமில்லாத புதுத் துண்டு. ஆணையில் உள்ள அளவும் பத்திரத்தில் உள்ள அளவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நில உபயோக வகை மாற்றமும், விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றிய ஆணையும் சர்வே எண்ணைப் பிடித்தவை. கிரையத்துக்குப் பின் 45/2 என்பது 45/2அ, 45/2ஆ என்று உட்பிரிவாகிவிட்டால் ஆணையில் உள்ள எண்ணும் உங்கள் பட்டா எண்ணும் வேறாகத் தெரியும். பழைய, புதிய எண் ஒப்பீட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி ஆணையோடு சேர்த்து வையுங்கள். ஆணை எந்தப் பரப்புக்கு என்பதையும் பாருங்கள். 5 ஏக்கர் சர்வே எண்ணில் 2 ஏக்கருக்கு மட்டும் மாற்றியிருப்பார்கள், நீங்கள் வாங்கும் துண்டு மீதி 3 ஏக்கரில் கிடக்கும்.

#14 மூலைக்கல்

சிறு வீடுகளுக்கான சுயசான்று அனுமதியைப் பற்றியும் ஒரு வரி. 2024 ஜூலையில் வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் மேலே ஒரு தளமும். விண்ணப்பதாரர் கொடுத்த விவரத்தை நம்பி உடனே அனுமதி கொடுக்கிறார்கள். அதனால் அப்படி அனுமதி பெற்ற பாதி வீட்டை வாங்குபவர், அதிகாரி யாரும் முன்பே வந்து அளந்திருப்பார் என்று எண்ணக் கூடாது. விவரம் தவறென்றால் அனுமதியே போகும். முழு அளவையும் நீங்களே எடுக்க வேண்டும்.

#15 தாய்ப்பத்திரம்

பெரிய திட்டம் வாங்குபவர்கள் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் இதையும் சேர்க்கிறேன். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தனி. அதை மாற்றிக்கொள்ள 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 11ஆவது பத்தியில் தெளிவான வழி இருக்கிறது: செல்லுபடியாகும் காலத்துக்குள், கொடுப்பவர் விண்ணப்பிக்கலாம், அல்லது கொடுப்பவரின் எழுத்துமூல ஆட்சேபணையின்மையோடு வாங்குபவர் விண்ணப்பிக்கலாம். அதே நிபந்தனைகள், அதே காலம். மதிப்பீட்டுக் குழுவுக்கு மறுபடி போக வேண்டியதில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை இதோடு தானாக மாறாது, அதற்குத் தனி மனு.

#16 செந்தூரம்22

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டே கேள்வி. பெயர் மாற்ற மனு கொடுத்துவிட்டு, பதில் வரும் முன் வேலையைத் தொடங்கலாமா? பட்டா வர நாளானால் அதுவரை மனுவே கொடுக்கக் கூடாதா?

#17 வரைமேசை

தொடங்க வேண்டாம். கட்டடக்கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும் புதியவர்கள் என்றால் நிச்சயமாக வேண்டாம். அந்த நேரத்தில் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது: கடைக்கால் சோதனைகள், கம்பித் துரு அளவு, எல்லைக்கல் நடுவது. பிளிந்த் மட்டத்தை எட்டியதற்கான சான்றிதழைப் பழைய கட்டடக்கலைஞர் சிஎம்டிஏவுக்கு அனுப்பினாரா என்று கேளுங்கள். பிளிந்த் மட்டத்திலும், அதற்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் அனுப்ப வேண்டிய அறிக்கை அது. அனுப்பவில்லையென்றால் அதை அவரிடமே வாங்கி அனுப்பிவிட்டுத்தான் அவரை விடுவிக்க வேண்டும்.

பட்டாவுக்காக அறிவிப்பை நிறுத்தி வைக்காதீர்கள். கைமாறிய செய்தியைப் பத்திரம் பதிவானதுமே விற்றவர் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். முறையான பெயர் மாற்ற மனு பட்டாவோடு பின்னால் போகலாம். பத்திரத்தில் உட்பிரிவு ஏதும் இல்லாமல் முழு சர்வே எண்ணாக வாங்கினால் நில அளவர் வர வேண்டிய அவசியமில்லை, பட்டா மாறுதல் சீக்கிரம் முடியும். தம்பி பெயரையும் உங்கள் பெயரையும் கூட்டாகவே போடச் சொல்லுங்கள்.